சிறுநீரகத்துக்கு வரும் தூது

பாஸ்டன் நகரின் ஜாஸ்லின் நீரிழிவு மையத்தில், 1990களில் சிகிச்சைக்கு வந்தவர்களிடம் எடுத்த ரத்தத்தை உறைநிலையில் சேமித்து வைத்திருந்தார்கள். இரண்டாம் வகைச் சர்க்கரை நோய் உள்ள 410 பேருடைய ரத்தம் அது. அவர்களை 8 முதல் 12 ஆண்டுகள் வரை தொடர்ந்து கவனித்ததில் 59 பேருக்குச் சிறுநீரகம் முற்றிலும் செயலிழந்தது. இவர்களுக்கு இப்படி ஆகப்போகிறது என்பதற்கான தடயம் அந்தப் பழைய ரத்தத்திலேயே இருந்ததா? மோனிகா நீவ்சாஸ், ஆண்ட்ஷெய் க்ரோலெவ்ஸ்கி ஆகியோரின் குழு உறைந்த ரத்தத்தை வெளியே எடுத்து, அழற்சியோடு தொடர்புடைய புரதங்களை ஒவ்வொன்றாக அளந்து பார்த்தது.

2012இல் முடிவு வெளியானது. டிஎன்எஃப் ஏற்பி-1 என்ற புரதம் ரத்தத்தில் மிக அதிகமாக இருந்த கால் பங்கினரில், 12 ஆண்டுகளுக்குள் 54 சதவீதம் பேர் சிறுநீரகச் செயலிழப்பை எட்டியிருந்தார்கள். மற்ற முக்கால் பங்கினரில் அப்படி ஆனவர்கள் 3 சதவீதம்தான். வயது, ரத்த அழுத்தம், சர்க்கரையின் அளவு, சிறுநீரில் போகும் ஆல்புமின் புரதம் என்று வழக்கமாகப் பார்க்கும் எல்லாவற்றையும் கணக்கில் சேர்த்த பிறகும் இந்த வித்தியாசம் கரையவில்லை. அதே ஆண்டு, முதல் வகைச் சர்க்கரை நோய் உள்ளவர்களிடமும் இதே புரதம் இதே செய்தியைச் சொன்னது. இரண்டு வகையும் தோன்றும் காரணம் வேறு, தாக்கும் வயது வேறு. சிறுநீரகம் கெடும் இடத்தில் மட்டும் இரண்டும் ஒரே அறிகுறியைக் காட்டின. இந்தத் துறையில் கடந்த சில பத்தாண்டுகளில் வந்த எண்களில் 54, 3 என்ற இந்த இரண்டும் மிக முக்கியமானவை என்று நான் கருதுகிறேன். ‘சர்க்கரை கூடினால் கிட்னி கெடும்’ என்று நாம் சுருக்கமாகச் சொல்லிவிடுகிற வாக்கியத்துக்குள் பாதிக் கதை விடுபட்டிருக்கிறது என்பதை அவை காட்டுகின்றன.

சர்க்கரை நோய் உள்ளவர்களில் ஏறத்தாழ மூன்றில் ஒருவருக்கு, சில கணக்குகளின்படி பத்தில் நான்கு பேருக்கு, சிறுநீரகம் பாதிக்கப்படுகிறது. மற்றவர்களுக்கு ஏன் அப்படி ஆவதில்லை? சர்க்கரையை ஓரளவு ஒழுங்காக வைத்திருந்தும் ரத்தத்தில் கிரியேட்டினின் என்ற கழிவு ஏறிக்கொண்டே போகிறவர்கள் உண்டு. இருபது வருடம் கட்டுப்பாடே இல்லாமல் இருந்தும் சிறுநீரில் புரதம் போகாதவர்களும் உண்டு. இந்த இரண்டு விதமானவர்களையும் பார்க்காத சர்க்கரை நோய் மருத்துவர் இருக்க முடியாது. சர்க்கரையைக் கட்டுக்குள் வைத்தால் சிறுநீரகப் பாதிப்பு குறையும் என்பதை 1993இல் முடிந்த அமெரிக்க ஆய்வும் 1998இல் முடிவு வெளியான பிரிட்டிஷ் ஆய்வும் ஐயமின்றி நிறுவிவிட்டன. அதை யாரும் மறுக்கவில்லை. ஆனால் குறையும் என்பது வேறு, நிற்கும் என்பது வேறு. சர்க்கரைக்கும் சேதத்துக்கும் நடுவே யாரோ தூது போகிறார்கள்.

அந்தத் தூதர்களின் பொதுப்பெயர் சைட்டோகைன். உடம்பின் செல்கள் ஒன்றோடொன்று பேசிக்கொள்ளப் பயன்படுத்தும் சிறு புரதங்கள் இவை. காலில் முள் குத்தினால் அந்த இடம் சிவந்து, வீங்கி, சூடாகி, வலிக்கிறது. அடிபட்ட செல்கள் சைட்டோகைன்களை வெளியே விடுகின்றன; அவை ரத்தக் குழாயைத் திறக்கச் சொல்கின்றன, வெள்ளையணுக்களை அழைக்கின்றன, கல்லீரலுக்கும் மூளைக்கும் செய்தி அனுப்புகின்றன. டிஎன்எஃப்-ஆல்ஃபா (ஜாஸ்லின் குழு அளந்த ஏற்பி இதைப் பெறுவதுதான்), இன்டர்லூகின்-1, இன்டர்லூகின்-6 ஆகியவை இவற்றில் முதல் வரிசை. வெள்ளையணுக்களை ஒரு குறிப்பிட்ட இடத்துக்கு இழுத்து வருவதையே தொழிலாகக் கொண்டவற்றுக்குக் கீமோகைன் என்று பெயர். அவற்றில் எம்சிபி-1 நம் கதையில் அடிக்கடி வரும். முள்ளை எடுத்துவிட்டால் சில நாளில் எல்லாம் அடங்கிவிடும். சர்க்கரை நோயில் அடங்குவதில்லை. காய்ச்சல் கிடையாது, வலி கிடையாது, சீழ் கிடையாது. ரத்தத்தில் இந்தப் புரதங்களின் அளவு இருக்க வேண்டியதைவிடக் கொஞ்சம் கூடுதலாக, ஆண்டுக்கணக்கில் அப்படியே நிற்கிறது.

இதைப் பற்றிய முதல் துப்பு கிடைத்தபோது சைட்டோகைன் என்ற பெயரே பிறந்திருக்கவில்லை. 1876இல் வில்ஹெல்ம் எப்ஸ்டைன் என்ற ஜெர்மன் மருத்துவர், மூட்டுவலிக்குக் கொடுக்கும் சோடியம் சாலிசிலேட்டைச் சர்க்கரை நோயாளிகளுக்குக் கொடுத்தபோது சிறுநீரில் சர்க்கரை குறைந்ததைப் பதிவு செய்தார். 1901இல் மான்செஸ்டரைச் சேர்ந்த வில்லியம்சன் என்ற மருத்துவரும் அதையே கண்டு எழுதினார். ஆஸ்பிரினின் நெருங்கிய உறவான இந்த மருந்து ஏன் சர்க்கரையைக் குறைக்கிறது என்று இருவராலும் சொல்ல முடியவில்லை. 1920களில் இன்சுலின் வந்ததும் இந்தப் பழைய குறிப்புகள் நூலகத்துக்குள் போய்விட்டன.

மறுபடி அவற்றைத் தேட வைத்தது 1993இல் வெளிவந்த ஓர் ஆய்வு. கோகான் ஹோதமிஷ்லிகில், புரூஸ் ஸ்பீகல்மன் குழுவினர், கொழுத்த எலிகளின் கொழுப்புத் திசுவே டிஎன்எஃப்-ஆல்ஃபாவை உற்பத்தி செய்கிறது என்றும், அதைத் தடுத்தால் இன்சுலின் நன்றாக வேலை செய்கிறது என்றும் காட்டினார்கள். அதுவரை கொழுப்பு என்றால் எண்ணெய் சேரும் கிடங்கு என்றே பாடப்புத்தகங்கள் சொல்லிவந்தன. நோய் எதிர்ப்பு மண்டலத்துக்குச் சொந்தமானது என்று நினைத்த ஒரு மூலக்கூறு அங்கிருந்து வருகிறது என்றதும், இரண்டு துறைகளுக்கு நடுவே இருந்த சுவர் இடிந்தது. பத்து ஆண்டுகள் கழித்து, 2003இல், இரண்டு குழுக்கள் தனித்தனியாக இன்னொன்றைக் கண்டன: உடல் பருக்கும்போது கொழுப்புத் திசுவுக்குள் மேக்ரோஃபேஜ் எனப்படும் விழுங்கணுக்கள் கூட்டமாகக் குடியேறுகின்றன, டிஎன்எஃப்-ஆல்ஃபாவில் பெரும்பகுதி அவற்றிடமிருந்துதான் வருகிறது. இடையில் 2001இல், சாலிசிலேட் மருந்து செல்லுக்குள் அழற்சி மரபணுக்களை முடுக்கிவிடும் ஒரு நொதியைத் தடுப்பதால்தான் இன்சுலினுக்கு உதவுகிறது என்றும் தெரிந்தது. எப்ஸ்டைன் கண்டதற்கு 125 ஆண்டுகள் கழித்து விளக்கம் வந்து சேர்ந்தது.

உடல் பருத்தால் என்று எழுதும்போது நம் வாசகர்கள் பலர், ‘நான்தான் ஒல்லியாக இருக்கிறேனே’ என்று பக்கத்தைப் புரட்டிவிடக்கூடும். அவர்களுக்காக 2004இல் லான்செட் இதழில் வந்த ஒரு புகைப்படத்தைச் சொல்ல வேண்டும். இரண்டு ஆண்கள் பக்கத்தில் பக்கத்தில் நிற்கிறார்கள். ஒருவர் புனேயின் சித்தரஞ்சன் யாஜ்னிக், மற்றவர் லண்டனின் ஜான் யூட்கின். இருவரும் சர்க்கரை நோய் ஆய்வாளர்கள். இருவருக்கும் உயரத்துக்கு ஏற்ற எடைக் குறியீடு ஒன்றேதான்: 22.3. மருத்துவமனை அட்டவணையில் இருவருமே சரியான எடை. ஆனால் உடம்பில் உள்ள கொழுப்பை அளந்தபோது யூட்கினுக்கு 9.1 சதவீதம், யாஜ்னிக்குக்கு 21.2 சதவீதம். கை கால் மெலிந்து, வயிற்றுக்குள் கொழுப்பைச் சுமக்கும் இந்திய உடல்வாகு கருவிலேயே தொடங்கிவிடுகிறது என்பதைப் புனேயைச் சுற்றியுள்ள கிராமத்துத் தாய்மார்களையும் குழந்தைகளையும் வைத்து யாஜ்னிக் காட்டியிருக்கிறார். கொழுப்புத் திசுவிலிருந்து இன்டர்லூகின்-6 ரத்தத்தில் கலப்பதை அளந்து சொன்ன ஆய்வாளர்களில் யூட்கினும் ஒருவர் என்பதால் அந்தப் படம் எனக்கு இரட்டிப்பாகப் பொருள் தருகிறது. எடைபோடும் இயந்திரம் இந்தப் புரதங்களைப் பற்றி எதுவும் சொல்லாது. இடுப்பைச் சுற்றிப் பிடிக்கும் இஞ்சுடேப் கொஞ்சம் சொல்லும்.

இனி சிறுநீரகத்துக்குள் போகலாம். ஒவ்வொரு சிறுநீரகத்திலும் சராசரியாகப் பத்து லட்சம் நெஃப்ரான்கள். ஒவ்வொரு நெஃப்ரானின் தலைப்பிலும் நுண்ணிய ரத்தக் குழாய்களின் ஒரு முடிச்சு. மருத்துவர்கள் அதைக் குளோமெருலஸ் என்பார்கள். இரண்டு சிறுநீரகங்களும் சேர்ந்து நாளொன்றுக்குச் சுமார் 180 லிட்டர் நீரை இந்த முடிச்சுகளில் வடித்து, ஒன்றரை லிட்டர் தவிர மற்றதையெல்லாம் திரும்ப உறிஞ்சிக்கொள்கின்றன. முடிச்சின் குழாய்களை வெளிப்புறமாகக் கவ்விக்கொண்டிருக்கும் செல்களுக்குப் போடோசைட் என்று பெயர். விரல் கோத்ததுபோல் இவற்றின் கிளைகள் ஒன்றுக்குள் ஒன்று பின்னிக் கிடக்கும். அந்த இடுக்கு வழியாகத் தண்ணீரும் உப்பும் போகும், ஆல்புமின் போகாது. போடோசைட் இறந்தால் அந்த இடத்தை நிரப்ப அதனால் எளிதில் பெருக முடியாது. பிறப்பிலேயே எண்ணிக் கொடுத்த சொத்து என்று அதைச் சொல்லலாம்.

சர்க்கரை நோயில் இங்கே நடப்பது இது. உடம்பின் பெரும்பாலான செல்கள் ரத்தத்தில் சர்க்கரை கூடினாலும் தங்களுக்குத் தேவையான அளவே உள்ளே விடும். சிறுநீரக முடிச்சின் சில செல்களால் அப்படிக் கதவடைக்க முடிவதில்லை. உள்ளே குவியும் குளுக்கோஸை எரிக்கும்போது தீங்கான ஆக்சிஜன் துகள்கள் பெருகுகின்றன. இன்னொரு பக்கம், சர்க்கரை ஒட்டிக்கொண்டு உருமாறிய புரதங்கள் செல்லின் மேற்பரப்பில் உள்ள ஏற்பிகளைத் தட்டுகின்றன. இரண்டு வழியாக வரும் தொந்தரவும் என்எஃப்-கப்பா-பி என்ற ஒரே விசையில் வந்து சேர்கிறது. 1986இல் ரஞ்சன் சென்னும் டேவிட் பால்டிமோரும் கண்டறிந்த புரதம் இது. வழக்கமாகச் செல்லின் சைட்டோபிளாசத்தில் கட்டுண்டு கிடக்கும் அது, கட்டு அவிழ்ந்ததும் உட்கருவுக்குள் நுழைந்து அழற்சி மரபணுக்களை இயக்குகிறது. அப்போது சிறுநீரகச் செல் தானே எம்சிபி-1 சுரக்கிறது. தானே டிஎன்எஃப்-ஆல்ஃபா சுரக்கிறது. ரத்தக் குழாயின் உட்சுவர் ஒட்டும் தன்மை பெறுகிறது. ஓடிக்கொண்டிருக்கும் வெள்ளையணுக்கள் அங்கே நின்று, சுவரைக் கடந்து, உள்ளே போய் மேக்ரோஃபேஜ்களாக மாறுகின்றன. அவை இன்னும் அதிக டிஎன்எஃப்-ஆல்ஃபாவைக் கொட்டுகின்றன. போடோசைட்டின் கிளைகள் சுருங்குகின்றன. இடுக்கு விரிகிறது. ஆல்புமின் ஒழுகுகிறது.

ஒழுகிய ஆல்புமினோடு சேதம் முடிவதில்லை. கீழே உள்ள நுண்குழலின் செல்கள் அதை வாரி உள்ளிழுத்துக்கொள்கின்றன. அளவு மீறும்போது அவையும் எம்சிபி-1 சுரந்து மேக்ரோஃபேஜ்களை அழைக்கின்றன. முடிச்சில் ஏற்பட்ட கோளாறு இப்படித்தான் குழல்களுக்குப் பரவுகிறது. கடைசியில் டிஜிஎஃப்-பீட்டா என்ற இன்னொரு சைட்டோகைன் வந்து ‘ஆறிவிட்டது, வடு கட்டு’ என்று சொல்ல, வேலை செய்யும் திசு இருந்த இடத்தில் நார்த்திசு படிகிறது. 1936இல் பால் கிம்மல்ஸ்டீலும் கிளிஃபோர்ட் வில்சனும் சர்க்கரை நோயாளிகளின் சிறுநீரகத்தை நுண்ணோக்கியில் பார்த்து விவரித்த உருண்டை உருண்டையான தழும்புகள் இந்தப் பாதையின் முடிவில் வருபவை. அவர்கள் பார்த்தது வடுவை மட்டும்தான். அந்த வடுவுக்குப் போன வழியை மற்றவர்கள் கண்டுபிடிக்க அரை நூற்றாண்டுக்கு மேல் ஆனது. 1991இல் ஜப்பானில் ஹசெகாவா குழுவினர், சர்க்கரை நோய் உள்ள எலிகளின் சிறுநீரக முடிச்சுச் சவ்வு மேக்ரோஃபேஜ்களைத் தூண்டி டிஎன்எஃப்பையும் இன்டர்லூகின்-1ஐயும் சுரக்கவைப்பதைக் காட்டியது அந்தத் தேடலின் தொடக்கங்களில் ஒன்று. பின்னாளில், எம்சிபி-1 மரபணு நீக்கப்பட்ட எலிகளுக்குச் சர்க்கரை கூடினாலும் சிறுநீரகம் அவ்வளவாகக் கெடவில்லை என்று தெரிந்தது. ரத்தத்தில் அதே சர்க்கரைதான். நடுவில் ஒரு தூதர் இல்லை, அவ்வளவுதான் வித்தியாசம்.

இந்த ஆய்வுகளில் பெரும்பாலானவை எலிகளிடமும் மேல்நாட்டு நோயாளிகளிடமும் நடந்தவை. சென்னையிலிருந்து வந்த ஒன்று இவற்றிலிருந்து முற்றிலும் வேறு திசையில் போனது. சென்னை நீரிழிவு ஆராய்ச்சி அறக்கட்டளையைச் சேர்ந்தவர்கள், நகரில் ஏற்கெனவே நடத்தியிருந்த பெரிய கணக்கெடுப்பில் சேமித்த ரத்தத்தில் யானைக்கால் நோய்ப் புழுவின் தடயத்தைத் தேடினார்கள். சர்க்கரை நோய் இல்லாதவர்களில் 10.4 சதவீதம் பேரிடம் அந்தத் தடயம் இருந்தது. சர்க்கரை நோய்க்குச் சிகிச்சை பெறுபவர்களில் 4.3 சதவீதம் பேரிடம்தான் இருந்தது. சர்க்கரை நோயோடு புழுவும் இருந்தவர்களிடம் டிஎன்எஃப்-ஆல்ஃபாவும் இன்டர்லூகின்-6உம் குறைவு. 2010இல் இது வெளியானது. பல ஆண்டுகள் உடம்புக்குள்ளேயே வாழ வேண்டிய புழு, தன்னைத் தாக்க வரும் நோய் எதிர்ப்பு மண்டலத்தை அமைதிப்படுத்தி வைக்கிறது. அந்த அமைதியின் ஒரு பங்கு இன்சுலினுக்கும் கிடைக்கிறது என்பது ஒரு விளக்கம். யானைக்கால் நோய் வேண்டும் என்று யாரும் சொல்லப்போவதில்லை. அதைப் பெருமளவு கட்டுப்படுத்தியது பொதுச் சுகாதாரத்தின் பெரும் சாதனை. ஆனால் மண்ணோடும் புழுக்களோடும் பல தலைமுறை வாழ்ந்து, அவற்றுக்கு எதிராகக் கூர்தீட்டி வைத்திருந்த ஓர் எதிர்ப்பு மண்டலம், இரண்டே தலைமுறையில் அந்த எதிரிகள் இல்லாத நகரத்துக்கு வந்து உட்கார்ந்தால் என்ன செய்யும் என்ற கேள்வியை இந்த ஆய்வு எழுப்பிவிட்டது. தமிழ்நாட்டில் வயதுவந்தோரில் 14.4 சதவீதம் பேருக்குச் சர்க்கரை நோய் என்று 2023இல் வந்த இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் நாடு தழுவிய ஆய்வு சொல்கிறது. இதற்குச் சோற்றையும் சோம்பலையும் மட்டும் காரணம் காட்டுவது எனக்குப் போதவில்லை.

எல்லாம் சரி, ஒரு பெரிய சந்தேகம் பாக்கி இருக்கிறது. ரத்தத்தில் டிஎன்எஃப் ஏற்பி கூடியிருப்பது சிறுநீரகம் கெடுவதற்குக் காரணமா, அல்லது கெட்டுக்கொண்டிருக்கும் சிறுநீரகம் அதை வெளியேற்ற முடியாததால் தேங்கி நிற்கும் விளைவா? சிறு புரதங்களை ரத்தத்திலிருந்து அகற்றுவதும் சிறுநீரகத்தின் வேலைதானே. ஜாஸ்லின் குழுவே இதை உணர்ந்து மேலும் தோண்டியது. 2019இல் அவர்கள் 194 அழற்சிப் புரதங்களை அளந்து, சிறுநீரகச் செயலிழப்போடு இறுகத் தொடர்புடைய 17ஐப் பிரித்தெடுத்தார்கள். அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில் வாழும் பிமா பழங்குடியினரிடமும் அவை பொருந்தின. இந்த 17இல் பெரும்பாலானவை சிறுநீரகத்துக்கு வெளியிலிருந்து வருபவையாகவே தெரிகின்றன என்பது அவர்கள் முடிவு. அப்படியானால் சிறுநீரகம் தனியாக நோயுறவில்லை. உடம்பின் வேறு எங்கோ மூண்ட அழற்சியை அது வாங்கிக்கொள்கிறது.

காரணமா விளைவா என்பதைத் தீர்க்க ஒரே வழி, தூதரைத் தடுத்துப் பார்ப்பது. அந்த முயற்சிகளின் கதையை விரிவாகச் சொல்லத்தான் வேண்டும். ஏனென்றால் அழற்சியை அடக்கினால் எல்லாம் சரியாகிவிடும் என்ற விளம்பர வாக்குறுதிகள் இங்கேதான் தடுக்கி விழுகின்றன.

2007இல் இன்டர்லூகின்-1ஐத் தடுக்கும் அனகின்ரா என்ற ஊசியை 70 நோயாளிகளிடம் 13 வாரம் சோதித்தார்கள். பாதிப் பேருக்கு மருந்து, பாதிப் பேருக்கு மருந்தில்லா ஊசி. மருந்து பெற்றவர்களின் மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை, அதாவது ஹெச்பிஏ1சி, மற்றவர்களைவிட 0.46 புள்ளி குறைந்தது. கணையத்தின் இன்சுலின் சுரப்பு மேம்பட்டது. அதற்குப் பிறகு இதே பாதையைத் தடுக்கும் கனகினுமாப் என்ற மருந்தை, மாரடைப்பு வந்த 10,061 பேரிடம் சோதித்த மாபெரும் ஆய்வின் முடிவு 2017இல் வந்தது. மாரடைப்பு குறைந்தது. புதிதாகச் சர்க்கரை நோய் வருவது குறையவில்லை. சிறுநீரகத்துக்கு நன்மையும் இல்லை, தீமையும் இல்லை. உயிரைப் பறிக்கும் தொற்றுகள் மட்டும் சற்றே கூடின. சைட்டோகைன்கள் நம்மைக் காப்பதற்காக உருவானவை என்பதை அந்தத் தொற்றுகள் நினைவூட்டின.

எப்ஸ்டைனின் சாலிசிலேட்டுக்கும் மறுவாய்ப்பு கிடைத்தது. அதன் நவீன வடிவமான சால்சலேட்டை 48 வாரம் கொடுத்தபோது ஹெச்பிஏ1சி 0.37 புள்ளி குறைந்தது. ஆனால் சிறுநீரில் ஆல்புமின் கூடியது; மருந்தை நிறுத்தியதும் இறங்கியது. சர்க்கரைக்கு உதவிய அதே மருந்து சிறுநீரகத்தை உறுத்தியது. பார்டாக்ஸலோன் என்ற இன்னொரு மருந்து முதலில் சிறுநீரகச் செயல்பாட்டை உயர்த்துவதுபோல் காட்டியது. 2,185 பேரிடம் நடந்த பெரிய ஆய்வில் இதயச் செயலிழப்பு கூடியதால் அதைப் பாதியில் நிறுத்தினார்கள். டிஜிஎஃப்-பீட்டாவைத் தடுக்கும் ஊசியும் பலன் தரவில்லை.

நம்பிக்கை தந்தவையும் உண்டு. மூட்டுவாதத்துக்குத் தரும் பேரிசிட்டினிப் என்ற மாத்திரை பல சைட்டோகைன்களின் செய்தியைச் செல்லுக்குள் கடத்தும் பாதையை அடைக்கிறது. 129 நோயாளிகளிடம் 24 வாரம் சோதித்ததில், அதிக அளவு மருந்து பெற்றவர்களுக்குச் சிறுநீரில் ஆல்புமின் மற்றவர்களைவிட 41 சதவீதம் குறைந்தது. கூடவே ரத்தசோகையும் வந்தது. கால் ரத்தக்குழாய் அடைப்புக்கு நெடுங்காலமாகத் தரப்படும் மலிவான பென்டாக்ஸிஃபிலின் மாத்திரையை ஸ்பெயினின் கேனரி தீவுகளில் 169 பேரிடம் இரண்டு ஆண்டுகள் சோதித்தார்கள். சிறுநீரகத்தின் வடிக்கும் திறன், மருந்து பெறாதவர்களுக்கு 6.5 அலகும் பெற்றவர்களுக்கு 2.1 அலகும் குறைந்தது. காப்புரிமை முடிந்துபோன மாத்திரையைப் பெரிய அளவில் சோதிக்க எந்த மருந்து நிறுவனத்துக்கும் லாபமில்லை என்பது இந்தத் துறையின் வேதனைகளில் ஒன்று. அரசுப் பணத்தில்தான் அது நடக்க வேண்டும். இவ்வளவு சர்க்கரை நோயாளிகளைக் கொண்ட இந்தியா அதைச் செய்யாமல் வேறு யார் செய்வது?

ஒற்றைத் தூதரைத் தடுப்பது ஏன் பெரிதாகப் பலிக்கவில்லை என்பதற்கு இன்டர்லூகின்-6 நல்ல சாட்சி. கொழுப்பிலிருந்து ஓயாமல் கசியும்போது அது கேடு செய்யும் கூட்டத்தில் சேர்கிறது. வேகமாக நடக்கும்போதும் சைக்கிள் மிதிக்கும்போதும் தசையும் அதே இன்டர்லூகின்-6ஐச் சுரக்கிறது. அப்போது அது அழற்சியைத் தணிக்கும் மற்றப் புரதங்களைக் கிளப்பிவிடுகிறது. கோபன்ஹேகனைச் சேர்ந்த பென்டே பெடர்சன் இதை விரிவாக ஆராய்ந்திருக்கிறார். எவ்வளவு நேரம், எங்கிருந்து, யாரோடு சேர்ந்து என்பதைப் பொறுத்து ஒரே மூலக்கூறு வேறு வேறு பொருள் சொல்கிறது.

விந்தை என்னவென்றால், சிறுநீரகத்தை உண்மையில் காப்பாற்றிய மருந்துகள் எவையும் அழற்சி மருந்து என்ற பெயரில் வரவில்லை. சிறுநீர் வழியே சர்க்கரையை வெளியேற்றும் கனாக்ளிஃப்ளோசின் 2019இலும், டாபாக்ளிஃப்ளோசின் 2020இலும் சிறுநீரகச் செயலிழப்பைத் தள்ளிப்போடுவதை நிரூபித்தன. முன்னதில் அபாயம் 30 சதவீதமும் பின்னதில் 39 சதவீதமும் குறைந்தது. இவை முடிச்சின் உள்ளே உள்ள அழுத்தத்தைக் குறைக்கின்றன என்பது முதன்மை விளக்கம். ஆனால் கனாக்ளிஃப்ளோசின் எடுத்தவர்களின் ரத்தத்தை இரண்டு ஆண்டுகள் கழித்துச் சோதித்தபோது, ஜாஸ்லினின் அந்த டிஎன்எஃப் ஏற்பி-1 ஏறத்தாழ 9 சதவீதமும், இன்டர்லூகின்-6 கால் பங்குக்கு மேலும் குறைந்திருந்தன. சிறுநீரகத்திலும் இதயத்திலும் அழற்சியையும் நார்ப்படிவையும் தூண்டும் ஆல்டோஸ்டிரோன் பாதையை அடைக்கும் ஃபினரினோன், 5,734 பேரிடம் நடந்த ஆய்வில் அபாயத்தை 18 சதவீதம் குறைத்தது. 2024இல் செமாகுளூடைடு என்ற மருந்தும் அபாயத்தை 24 சதவீதம் குறைத்தது. தூதரைப் பிடித்து அடைப்பதைவிட, தூது அனுப்ப வைக்கும் நெருக்கடியைத் தணிப்பதே இதுவரை பலித்த வழி. டாபாக்ளிஃப்ளோசினை இப்போது இந்திய நிறுவனங்கள் பல தயாரிக்கின்றன. ஆரம்பத்தில் இருந்த விலை இல்லை.

இதைப் படித்துவிட்டு யாரும் அழற்சியைக் குறைக்கிறேன் என்று மருந்துக்கடைக்குப் போய்விடக் கூடாது என்ற கவலை எனக்கு இருக்கிறது. முட்டிவலிக்கும் இடுப்புவலிக்கும் சீட்டில்லாமல் வாங்கும் டைக்ளோஃபினாக், ஐபுப்ரோஃபென் போன்றவை அழற்சியைக் குறைக்கும் மாத்திரைகள்தான். ஆனால் அவை தடுப்பது சைட்டோகைனை அல்ல, புரோஸ்டாகிளான்டின் என்ற வேறொரு பொருளை. பலவீனப்பட்ட சிறுநீரகத்துக்குள் போகும் ரத்தக்குழாயைத் திறந்து வைத்திருப்பது அந்தப் பொருள்தான். அதைத் தடுத்தால் குழாய் சுருங்கி, ஏற்கெனவே தள்ளாடும் சிறுநீரகம் சில நாளிலேயே விழுந்துவிடலாம். பத்து ஆண்டுச் சர்க்கரை செய்யாததை இரண்டு வார வலிமாத்திரை செய்துவிடக்கூடும். மஞ்சளைப் பற்றியும் கேட்பார்கள். அதன் குர்குமினைச் சிறுநீரக நோயாளிகளிடம் கனடாவில் முறையாகச் சோதித்தார்கள்; ஆல்புமினும் குறையவில்லை, சிறுநீரகச் செயல்பாடும் கூடவில்லை. குழம்பில் போடும் மஞ்சளுக்கு எந்தக் குறையும் இல்லை. மாத்திரையாக விற்பதற்குத்தான் ஆதாரம் இல்லை.

டிஎன்எஃப் ஏற்பியை அளக்கும் சோதனை நம் ஊர் ஆய்வகங்களில் கிடைக்கும் நிலை இன்னும் வரவில்லை. ஆனால் அந்தச் சேதத்தின் முதல் அடையாளத்தைப் பிடிக்கும் சோதனை எல்லா ஊரிலும் இருக்கிறது: காலையில் பிடித்த சிறுநீரில் கிரியேட்டினினோடு ஒப்பிட்டு ஆல்புமினை அளப்பது. ஒரு கிராம் கிரியேட்டினினுக்கு 30 மில்லிகிராமுக்கு மேல் போனால் எச்சரிக்கை. சிறுநீர் நுரைத்துப் போகிறது என்று வருபவர்களுக்கு அந்தக் கட்டம் எப்போதோ தாண்டியிருக்கும். சென்னையில் நடந்த கணக்கெடுப்பில் சர்க்கரை நோயாளிகளில் 2.2 சதவீதம் பேருக்கு முற்றிய சிறுநீரகப் பாதிப்பும், 26.9 சதவீதம் பேருக்கு நுண்ணிய அளவு ஆல்புமின் கசிவும் இருந்தன என்று 2007இல் தெரியவந்தது. முதல் எண்ணில் உள்ளவர்கள் மருத்துவமனையில் தெரிவார்கள். இரண்டாவது எண்ணில் உள்ளவர்கள் நம் பக்கத்தில் பேருந்தில் உட்கார்ந்திருப்பார்கள். ஒரு தொந்தரவும் இருக்காது. மருந்து மிக நன்றாக வேலை செய்வது அவர்களிடம்தான். 2021 முதல் தமிழ்நாட்டில் மக்களைத் தேடி மருத்துவம் திட்டம் சர்க்கரை மாத்திரையை வீட்டு வாசலுக்கே கொண்டுவருகிறது. மாத்திரை தருகிற கை ஆண்டுக்கு ஒருமுறை ஒரு சிறுநீர்ப் புட்டியையும் வாங்கிக்கொண்டு போக வேண்டும் என்று நான் விரும்புகிறேன்.

அழற்சி சிறுநீரகத்துக்கு வெளியே எங்கிருந்தெல்லாம் வருகிறது என்று தேடியவர்கள் வாய்க்குள்ளும் பார்த்திருக்கிறார்கள். ஈறு நோய் என்பது வலியில்லாமல் வருடக்கணக்கில் நீளும் ஒரு புண். பல்லைச் சுற்றியுள்ள அந்தப் புண்ணிலிருந்து சைட்டோகைன்கள் ரத்தத்தில் கலந்தபடி இருக்கும். சர்க்கரை நோய் உள்ள பிமா மக்களை ஆண்டுக்கணக்கில் தொடர்ந்து பார்த்ததில், கடுமையான ஈறு நோய் இருந்தவர்களுக்குச் சிறுநீரகச் செயலிழப்பு மிக அதிகமாக வந்தது. லண்டனில் 264 சர்க்கரை நோயாளிகளை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதிக்கு ஈறுகளின் அடிவரை தீவிரமாகச் சுத்தம் செய்தார்கள். மறுபாதிக்கு வழக்கமான மேலோட்டமான சுத்தம். ஓராண்டு கழித்துத் தீவிரச் சிகிச்சை பெற்றவர்களின் ஹெச்பிஏ1சி மற்றவர்களைவிட 0.6 புள்ளி குறைவாக இருந்தது. கூடுதலாக ஒரு சர்க்கரை மாத்திரையைச் சேர்த்தால் கிடைக்கும் பலனுக்குக் கிட்டத்தட்ட இது சமம். ஆண்டுக்கொரு முறை கண் பார்க்க வேண்டும், பாதம் பார்க்க வேண்டும் என்று நம் சர்க்கரை நோய்ச் சீட்டுகளில் அச்சிட்டிருப்பார்கள். பல்லைப் பார்க்கச் சொல்லும் வரி பெரும்பாலும் இருப்பதில்லை.